வெடி இல்லாத மாப்பிள்ளை அழைப்பு

என் கண்ணு,

இதை உனக்குத் தனியாகவே அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் நம் கல்யாண வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். உன் பெரியப்பா வீடு, அத்தை வீடு, உன் ஆபீஸ் நண்பர்கள், கீழ்பென்னாத்தூர் சம்மந்தி வீட்டார் எல்லோரும் படிக்கட்டும். தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள், இன்று ஒரு நாள் இதையும் பொறுமையாகப் படிக்கட்டும். தப்பாக எழுதியிருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். நான் சேர்க்கப் போவதில்லை. இத்தனை வருஷம் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே அதட்டி உட்காரவைத்துச் சோறு போட்டவள் நான். உங்களையும் உட்காரவைக்க எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து பேசினாய். நான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். "அம்மா, ஒரு ஐடியா. மாப்ள அழைப்புக்கு அப்பா வர வேணாம். மண்டபத்து ரூம்ல ஏசி போட்டு உக்கார வச்சிடலாம். காலைல தாலி கட்டற நேரத்துக்குக் கூட்டிகினு வந்தா போதும். ஆபீஸ்ல எல்லாரும் வராங்க. எனக்கு அந்த நாள் மறுபடியும் வரக்கூடாதும்மா" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் அப்பா அப்போது கூடத்தில்தான் இருந்தார். உன் கல்யாணப் பத்திரிகைகளை எதிரே குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நீ சொன்னதை முழுக்கக் கேட்டார்.

கை நிற்கவில்லை. கையிலிருந்த பத்திரிகைக்கு மஞ்சள் தடவி முடித்து, அதை ஓரமாக வைத்துவிட்டு, "அவன் சொல்றதும் சரிதான். நான் ரூம்லயே இருந்துக்கறேன்" என்றார். நான் "வாய மூடுங்க" என்றேன். நம் வீட்டில் நான் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பெற்ற பிள்ளையின் ஊர்வலம் தெருவில் போகும்போது ஒரு அப்பன் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், அந்தக் கல்யாணத்தில் எனக்கும் வேலை இல்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். அதற்குப் பிறகும் கோபம் இருக்கிறது, அது வேறு.

உன் பயத்துக்குக் காரணம் உன் மாமனார் போட்ட திட்டம். அவர் நல்ல மனிதர். மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்கிறவர், கை தாராளம், மனசும் தாராளம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம், உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு திறந்த ஜீப், ராணுவ உடுப்பில் அவர் படம் போட்ட பெரிய பேனர், வழியெல்லாம் சரவெடி, மண்டப வாசலில் அதிர்வேட்டு என்று சொன்னார். "நம்ம சம்மந்தி மிலிட்டரிக்காரரு. ஊரே திரும்பிப் பாக்கணும்" என்று அவர் சொன்னபோது முகமெல்லாம் பூரித்திருந்தது. அந்தப் பூரிப்பில் பொய் இல்லை. குண்டுச் சத்தத்தில் வருஷக்கணக்கில் கிடந்து வந்தவனைக் கௌரவப்படுத்த அதே சத்தத்தையே கொண்டுவந்து காலடியில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். உன் பெரியப்பா ஒரு தடவை செய்தார். இப்போது உன் மாமனார் முறை.

அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது வேறு, நடந்தது வேறு. உனக்கு அப்போது ஐந்து வயது. நாம் அடி அண்ணாமலையில் பெரியப்பா வீட்டை ஒட்டிக் குடியிருந்தோம். அப்பா பட்டாளத்தை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நம் வாசல் வரைக்கும் பெரியப்பா சரவெடி போட்டு வைத்திருந்தார். தம்பிமேல் அவருக்கு உயிர். இறங்கியதும் மாலை போட்டார்கள், உன்னைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து பற்ற வைத்தார்கள். வைக்கப் போகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. உன்னோடு சேர்ந்து அவர் தரையில் விழுந்தார். கூட்டம் சிரித்தது. "மிலிட்டரிக்காரன் வெடிக்குப் பயந்துகினு படுத்துட்டான் பாருடா" என்று எவனோ கத்தினான். உன் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அப்பா என்னைக் கீழே தள்ளிவிட்டார் என்று நீ ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அவர் உன்னைத் தள்ளவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். உன் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு விழுந்தார், உன் தலை தரையில் படவே இல்லை. விழுந்த வேகத்தில் உன்மேல் கவிழ்ந்து உன்னை முழுசாக மூடிக்கொண்டார். வெடித்துச் சிதறிய பொறியெல்லாம் அவர் சட்டைமேல் விழுந்தது. முதுகில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே தழும்பு, சண்டையில் வந்தது என்று உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வாயே, அது காஷ்மீரில் வந்தது இல்லை கண்ணு. உன் பெரியப்பா பற்றவைத்த சிவகாசிப் பட்டாசில் வந்தது. வெடி எல்லாம் ஓய்ந்த பிறகும் அவர் எழவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். "கொழந்த நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்டார். இதையெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், அண்ணன் மனசு கஷ்டப்படுமாம். உன் பெரியப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். கொஞ்சம் கஷ்டப்படட்டும், ஒன்றும் ஆகிவிடாது.

அதற்குப் பிறகு ஊர் அவரை எப்படித் தாங்கியது என்று சொல்லட்டுமா? ஆகஸ்டு மாதம் ஒரு சால்வை, ஜனவரி மாதம் ஒரு சால்வை. நம் பீரோவில் சால்வை வைக்க இடமில்லை. நடுவில் இருக்கிற மாதங்களில், ராணுவக் கேன்டீனில் பாட்டில் வாங்கித் தருவாரா என்று கேட்டு வருகிறவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். பாட்டில் கைக்கு வந்ததும் உங்கள் தேசபக்தி வாசல் தாண்டிவிடும். ஒருவர்கூட உட்கார்ந்து அவரோடு ஒரு டீ குடித்ததில்லை. தப்பித்தவறி உட்கார்ந்த ஓரிருவரும், "எத்தன பேர சுட்டீங்க மாமா?" என்று கேட்டார்கள். அப்படி ஒருவர் கேட்டுவிட்டுப் போனால் அவருக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டுவிடும், எனக்கும் சேர்த்து. சினிமாக் கதை கேட்பதைப்போல அதைக் கேட்காதீர்கள். மழை பெய்ததா, முட்டிவலி எப்படி இருக்கிறது, இதைக் கேளுங்கள். அவர் சொல்ல நினைத்தால் அவரே சொல்லுவார்.

வேலூரில் மனநல மருத்துவரிடம் நான் அவரைக் கூட்டிப்போக ஆரம்பித்தபோது நம் சொந்தத்தில் காதோடு காதாக என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பேய் ஓட்டுகிறவனிடம் போ என்றார்கள். பையனுக்குப் பெண் கிடைக்காது என்றார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் பந்தியில் எல்லோர் எதிரிலும் போட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்கள். என் புருஷன் மட்டும் எதற்கு சமையலறையில் ஒளிந்துகொண்டு போட வேண்டும்? நான் கூட்டிப்போனேன், இப்போதும் போகிறேன், இனிமேலும் போவேன். அதற்கு முன்னால் இருந்த மனிதரையும் இப்போது இருக்கிற மனிதரையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். பெண்ணும் கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

சிறுவயதில் நீ என்னை ஒன்று கேட்பாய். "ஏம்மா நீ எப்பவும் அப்பா பின்னாடியே நடக்கற? என் ஃபிரண்டோட அம்மால்லாம் பக்கத்துலதான் நடக்கறாங்க." மார்க்கெட்டுக்குப் போனாலும், பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனாலும் நான் அவருக்கு ஓரடி பின்னால்தான் நடப்பேன். உன் அத்தை இதைப் பார்த்துவிட்டு, புருஷனுக்கு மரியாதை கொடுப்பதென்றால் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தன் மருமகள்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மருமகள்கள் என்னை எவ்வளவு சபித்தார்களோ. மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லையில் ஒரு மலைமேல் வரிசையாக நடந்து போகும்போது அவருக்கு அடுத்தாற்போல் பின்னால் ஒரு பையன் வந்துகொண்டிருந்தானாம், நம் வேலூர்ப் பக்கத்துப் பையன். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். "பேசிகினே வந்தான். சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தேன், இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அதிலிருந்து பின்னால் தெரிந்தவர் யாராவது வந்தால்தான் அவருக்குக் கால் எழும். நடுநடுவே திரும்பிப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், மேலே நடப்பார். நான் அவருக்கு அடங்கி நடக்கவில்லை, காவல் நடந்தேன். உன் அத்தை மருமகள்கள் இனிமேல் தாராளமாகப் பக்கத்தில் நடக்கலாம்.

அவர் சத்தத்துக்கே ஆகாதவர் என்று நீ நினைக்கிறாய். அதுவும் தப்பு. கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "இப்ப ஏத்திடுவாங்க, வெடி வரும்" என்று நான் சொல்லுவேன். தீபம் தெரியும், ஊரே அரோகரா என்று எழும்பும், வெடி வானத்தைக் கிழிக்கும், அவர் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து உள்ளே போக மாட்டார். சொல்லிவிட்டு வருகிற சத்தத்தை அவரால் தாங்க முடியும். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லுவதற்கு என்ன செலவு? நம் தெருவில் இன்றுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

தீபாவளி மட்டும் முடியாது. எந்தப் பக்கம் எவன் கொளுத்துவான் என்று தெரியாத நாள் அது. அதனால்தான் தீபாவளி சாயங்காலம் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலை சுற்றும் பாதையில் காட்டுப் பக்கமாகப் போய் உட்காருவோம். நீ விவரம் தெரிந்ததும் நண்பர்களோடு இருந்துவிடுவாய், அதை நான் குறை சொல்லவில்லை. அங்கேதான் தவமணி பழக்கமானாள். இலங்கையிலிருந்து அகதியாக வந்து முகாமில் இருக்கிறவள், தையல் வேலை செய்கிறவள். சண்டையில் குண்டு விழுந்து வீட்டையும் தம்பியையும் இழந்தவள். ஒரு தீபாவளிக்கு அவளும் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே மரத்தடிக்கு வந்திருந்தாள். "நீங்களும் வெடிக்குப் பயந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள். இவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது, நம் பட்டாளம் அமைதிப்படையாக இலங்கைக்குப் போயிருந்ததே. "எங்கட ஊருக்கு வந்தனீங்களோ அண்ணை?" என்றாள். "இல்லம்மா. நான் இருந்ததெல்லாம் வடக்க" என்றார் இவர். அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வந்திருந்தாலும் இனி என்ன செய்யிறது. இருங்கோ, தேத்தண்ணி இருக்கு" என்று பிளாஸ்கைத் திறந்தாள். அன்றிலிருந்து தீபாவளிக்கு அவள் டீ, என் முறுக்கு.

அவளுக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது தயங்கினாள். நம் ஊர்ப்பக்கம் கல்யாணமா, திருவிழாவா, எதற்கும் அவள் போவதில்லை, வெடிக்குப் பயந்துகொண்டு. "வெடி இல்லையெண்டால் கட்டாயம் வருவன் அக்கா" என்றாள். முகாமிலிருந்தெல்லாம் எதற்குக் கூப்பிடுகிறாய் என்று நம் குழுவில் ஒருவர் என்னைத் தனியாகக் கேட்டார். பொதுவிலேயே பதில் சொல்லுகிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணின் பட்டு ரவிக்கையை அவள்தான் தைத்தாள், கொக்கி வரைக்கும் அளவு சரியாக இருக்கிறது என்று நீங்களே மெச்சினீர்கள். தைக்கக் கூப்பிடலாம், சாப்பிடக் கூப்பிடக்கூடாதா? அவள் முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவாள்.

நேற்று நானும் உன் அப்பாவும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனோம். உன்னிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை. உன் மாமனாரிடம் நேராகவே சொன்னேன், வெடி வேண்டாம் என்று. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாங்க சம்மந்திம்மா, வெடி இல்லாம இன்னா கல்யாணம்? ஜனம் சிரிக்காதா?" என்றார். "சாவுக்கும் வெடிதான் போடறோம், கல்யாணத்துக்கும் வெடிதான் போடறோம். ஜனம் ரெண்டுக்கும் வந்து சாப்ட்டுதான் போவுது" என்றேன். அவர் பட்டாசுக்குச் சொல்லிவிட்டதாகவும், பங்காளிகளுக்கு என்ன பதில் சொல்லுவது என்றும் இழுத்தார். நானும் விடவில்லை. பேச்சு கொஞ்சம் தடித்துவிட்டது. அப்போதுதான் நீ கட்டிக்கொள்ளப் போகிற பவித்ரா உள்ளே இருந்து வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. உன் அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மாமா, உங்களுக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் அவருக்காக ஊரெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை நானும் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மோளம் வாசிக்கட்டும்மா. ஜாஸ்தியாவே வாசிக்கட்டும், எனக்குப் புடிக்கும். மோளக்காரன் கண்ணு எதிர்க்க நிக்கறான், கை ஓங்கறது தெரியுது. வெடிதான் எங்கேர்ந்து வரும்னு தெரியாது" என்றார். ஜீப்பாவது இருக்கட்டும் என்று உன் மாமனார் கெஞ்சினார். "ஜீப்புல உக்காந்தா முதுக காட்டிகினு போவணும். நான் நடந்தே வரேங்க. என் பையன் கல்யாணத்துக்கு நடந்து வர எனக்குக் கால் இருக்குது" என்றார். உன் மாமனார் எங்கள் எதிரிலேயே பட்டாசுக் கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இத முன்னாடியே சொல்லக்கூடாதா சம்மந்தி?" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பேனரில் உடுப்புப் படம் வேண்டாம், பட்டு வேட்டி கட்டின படம் தருகிறேன் என்று நான் சொன்னதற்கும் ஒத்துக்கொண்டார். வெடிக்குப் பதிலாக இப்போது இரண்டு செட் மேளம் வருகிறது. காது அடைத்துப்போகும், எல்லோரும் தயாராக வாருங்கள்.

இனிமேல் குழுவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யார் பையிலாவது ஒரு சரம் ஒளிந்து வந்தால், ஊர்வலம் அந்த இடத்திலேயே நிற்கும், நான் நிறுத்துவேன். உன் ஆபீஸ் பையன்களுக்கும் சேர்த்துத்தான். உங்களுக்கு இன்னமும் பட்டாளத்துக்காரர்களுக்கும் சண்டையில் அடிபட்டவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுத்தால், நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. பென்ஷன் வேலையாக வேங்கிக்கால் முன்னாள் படைவீரர் ஆபீசுக்குப் போக வேண்டிய விதவைப் பெண்ணை வண்டியில் கூட்டிப்போய், வேலை முடியும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். முகாமிலிருந்து வெளியே வந்து வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் எப்போது உங்கள் ஊருக்குத் திரும்பிப் போவீர்கள் என்று கேட்காமல் சாவியைக் கொடுங்கள். சால்வையை மட்டும் தயவுசெய்து யாரும் வாங்கி வராதீர்கள்.

கண்ணு, மிச்சம் உனக்கு. உன் அப்பா அறைக்குள் உட்காரப் போவதில்லை. ஊர்வலத்தில் மேளத்துக்குப் பின்னால், பூப்போட்ட உன் காருக்கு முன்னால் நடப்பார். வெள்ளைச் சட்டையை நேற்றே எடுத்து அவரே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். அவருக்குப் பின்னால் இத்தனை வருஷம் நான் யாருக்கும் கொடுக்காத இடத்தை அன்றைக்கு நானே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அம்மாவாகப் பெண்களோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு மேளத்துக்கும் முன்னால் நான் போயாக வேண்டும். அவருக்குப் பின்னால் யார் வருவது? பெரியப்பாவைக் கேட்டால் வருவார். தவமணியைக் கேட்டால்கூட வருவாள். நான் யாரையும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவது வழக்கம் இல்லை என்று நூறு பேர் சொல்லுவார்கள். சொல்லட்டும். நீ இறங்கி, அவருக்கு ஓரடி பின்னால் நட. வெடி இல்லாவிட்டாலும் பிள்ளையார் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அவர் எப்படியும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அப்போது நீ அங்கே இரு.

உன்
அம்மா